கலைமணி உயரத்தில் ஒரு கண்ணாடி

மேல்பட்டாம்பாக்கத்தில் கதவு, அலமாரி வேலை என்றால் பொன்னுரங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள். அப்பா காலம் வரை கரும்பு போட்ட குடும்பம். இவர் கைக்கு மண்வெட்டி ஒத்துவரவில்லை, உளி ஒத்துவந்தது. ஆள் வேலையில் படு கறார். ஓட்டை போடாமல் ஸ்க்ரூவை நேராக மரத்தில் வைத்து முறுக்குகிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

டிரில்லில் எந்த பிட்டை மாட்டி ஓட்டை போடுவது என்பதற்கு அவர் வழி எளிது. பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நடுத்தண்டு மறைய வேண்டும், இரண்டு பக்கமும் மரை மட்டும் தெரிய வேண்டும். தேக்கு மாதிரி இறுகிய மரமென்றால் அதைவிடத் துளி பெரியது, லேசான மரமென்றால் துளி சின்னது. பித்தளை ஸ்க்ரூவுக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அழுத்தி முறுக்கினால் தலை கழன்றுவிடும். இதையே சொல்லிச் சொல்லிக் கூட வேலை செய்கிறவர்களின் காதைப் புளிக்க வைத்திருந்தார்.

மனைவி கலைமணிக்குக் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள். வீட்டில் அவள் வைக்கும் குழம்பு வாசனை பழகுவதற்குள் கிளம்பிவிடுவாள். இந்தப் பொங்கலுக்கு வருவதாக இருந்தாள். வந்தால் திரும்பிப் போகாதே என்று போனில் கேட்டே விட்டார். பார்க்கலாம் மாமா என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

லீவுக்கு வரும்போதெல்லாம் ஜன்னலில் சாய்த்துவைத்து அவள் தலைவாருகிற கண்ணாடி ஒன்று உண்டு. அதற்குச் சட்டம் அடித்து, தேக்கு அலமாரிக் கதவில் பொருத்த நினைத்தார். கண்ணாடியை அசையாமல் இறுக்கிவிட்டால் அவளும் இருந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவள் உச்சந்தலை அவர் தோளைத் தொடும் என்பதால் டேப் வைத்து அளக்காமல் தன் தோளை வைத்தே உயரம் குறித்தார்.

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அங்கேதான் சறுக்கினார். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்று, தேக்குக்குப் போய்ச் சின்ன பிட்டை எடுத்தார். பித்தளை ஸ்க்ரூ பாதியிலேயே நின்றது. வேறு யாராவது என்றால், கழற்றி ஓட்டையைப் பெரிசாக்குடா என்று கத்தியிருப்பார். இவரோ திருப்புளி மேல் சாய்ந்து அழுத்தினார். தலை கையோடு வந்தது, தண்டு மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் வீடியோ காலில் அவளிடம் சொன்னார். கலைமணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தேக்குல போயி யாராச்சும் சின்ன பிட்டு போடுவாங்களா மாமா? இதுக்குத்தான நீ எல்லாரையும் திட்டுவ?"

சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று அந்த வீட்டில் ஒப்புக்கொண்டுவிட்டாளாம். பொங்கலுக்கும் விடமாட்டார்களாம். மகள் நர்சிங் படிப்பு முடிய வேண்டுமே என்றாள். அவருக்கும் அது தெரியும், அதனால்தான் கோபப்படக்கூட முடியவில்லை. அழுகை வந்தது, இருமுவது போல் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஒரு விரற்கடை தள்ளி, சரியான பிட்டில் ஓட்டை போட்டு, மரையில் சோப்பு தடவி முறுக்கினார். எல்லா ஸ்க்ரூவும் அலுங்காமல் இறங்கின. கண்ணாடிக்கு எதிரே நின்று போனில் காட்டினார்.

"என்ன மாமா, சட்ட பட்டன்தான் தெரியுது, ஒன் மூஞ்சியக் காணோமே?"

"ஒன் ஒசரத்துக்கு மாட்டுனது கலை. நீ வர்ற வரைக்கும் நான் குனிஞ்சு பாத்துக்கறேன்."