எண்ணெய் வைக்காத தலை

கருப்பையா ஐயா போய்விட்டார். நேற்றுக் காலை, தூக்கத்திலேயே.

விராலிமலையில் நான் மாடியில் குடியிருக்கிறேன். அவர் கீழே. ஹவுஸ் ஓனர் என்று யாராவது சொன்னால் சிரிப்பார். பழைய ராணுவக்காரர். ஊருக்குத் திரும்பிய பிறகு சைக்கிள் கடை.

செய்தி கேட்டு அழுகை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது... அவர் தலையில் எண்ணெய் வைத்துவிடக் கூடாது.

குளிப்பாட்டும் முன்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைப்பார்கள். எங்கள் பக்கம் அது இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

ஐயா வேண்டாம் என்றிருந்தார். என்னிடம் மட்டும்.

குடிவந்த புதிதில் என் பைக் செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடித்து நிறுத்திவிட்டு, கல்லூரிக்குப் பஸ்ஸில் போனேன். திரும்பி வந்தால் ஐயா பழைய வேட்டித் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கண்ணி விடாமல்.

"இம்புட்டு எண்ணெய் எதுக்கு தம்பி? மண்ணு ஒட்டும்."

அவர் கடை வாடகை சைக்கிள்கள் தெருமுனையிலேயே கிறீச்சிடுமாம். "ராணுவம் வருது, வழி விடுங்கப்பா" என்று டீக்கடையில் கிண்டல். அவரும் சேர்ந்து சிரிப்பாராம்.

தலைக்கும் அப்படித்தான். மகள் செல்வி அக்கா தீபாவளிக்கு அறந்தாங்கியிலிருந்து நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துவருவார். மிளகு, ஓமம் போட்டு. ஐயா வெறும் வெந்நீரில் குளித்துவிட்டுப் புதுச்சட்டையோடு வந்து நிற்பார். அம்மா இருந்தவரை தீபாவளி என்றாலே இதற்கொரு சண்டை என்று அக்கா சொல்வார்.

போன தீபாவளிக்கு ஐயா அந்த எண்ணெயை எனக்குக் கொடுத்தார். தேய்த்துக்கொண்டே, நீங்கள் ஏன் வைப்பதில்லை என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான். ஐயா சொல்ல ஆரம்பித்தார்.

அறுபதுகள். ராஜஸ்தான் எல்லை. மாவு மாதிரி மணல்... சோற்றில், இமையில், துப்பாக்கிக்குள்.

அங்கே துப்பாக்கிக்குத் தாராளமாக எண்ணெய் விடக் கூடாது என்று உத்தரவு. குழாய்க்குள் துணியை விட்டு இழுக்க வேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். உரசும் இடத்தில் ஒரு பொட்டு எண்ணெய், அதையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். மிஞ்சினால் மணல் ஒட்டும். ஒட்டினால் பசை.

ஐயாவுக்கு மனம் ஒப்பவில்லை. அவர் அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். அச்சுக்கு மசகு மை போடாமல் வண்டியைத் தெருவில் இறக்கமாட்டார். இரும்பைக் காயப் போடுவது மாட்டைப் பட்டினி போடுவது மாதிரி என்றார் ஐயா.

பக்கத்தில் சவரிமுத்து. ஆவூர்க்காரர். அந்தப் பிரிவில் தமிழில் வைதுகொள்ள இவர்கள் இரண்டு பேர்தான்.

சவரிமுத்துவுக்கு அன்று காய்ச்சல். ஐயாதான் அவருடைய துப்பாக்கியையும் எடுத்துத் துடைத்தார். துடைத்துவிட்டு எண்ணெய் விட்டார். துப்பாக்கிக் கட்டையின் அடியில் எண்ணெய்க்கென்று சின்னப் பித்தளைக் குப்பி இருக்குமாம். சவரிமுத்துவின் குப்பி. அது தீர்ந்ததும் தன்னுடைய குப்பி.

"காச்சக்காரன்... அவனுக்காச்சும் நல்லா ஓடட்டும்னு என் பங்கையும் அவனுக்கே ஊத்துனேன் தம்பி."

சாயங்காலம் மணல் காற்று அடித்தது. விடியும்போது எதிரில் ஆட்கள்.

ஐயாவின் துப்பாக்கி சுட்டது. எண்ணெய் கிடைக்காமல் காய்ந்து கிடந்த துப்பாக்கி.

சவரிமுத்துவுக்கு போல்ட் அசையவில்லை. கையால் இழுத்தார், கல்லால் தட்டினார்.

"என்னையத் திரும்பிப் பாத்தான். மண்ணுடான்னான். அம்புட்டுத்தான். நாந்தான்னு அவனுக்குத் தெரியாது."

போல்ட்டைப் பூட்ஸ் காலால் மிதித்து நகர்த்தலாம் என்று சவரிமுத்து எழுந்தார்.

எழுந்திருக்கக் கூடாது.

என் தலையிலிருந்து எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

"நான் போனாலும் தலையில எண்ணெய் வைக்க விட்றாதீங்க. செல்விகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை... போங்க, குளிச்சிட்டு வாங்க. இட்லி ஆறுது."

இன்று காலை செல்வி அக்காவைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன். முழுதும். கையில் எண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்தார். கேட்டு முடித்து, "எங்கம்மா கேக்காத கேள்வியா தம்பி" என்றார்.

ஐயாவை வாசலில் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். எண்ணெய் வைக்க வாங்க என்று ஒரு பங்காளி கூப்பிட்டார். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவுக்கு வேணாம் சித்தப்பா."

"ஏத்தா, எண்ணெய் வைக்காம எப்படி அனுப்புறது? நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். வேணாம்னுட்டாரு."

சவரிமுத்துவின் பெயரை அக்கா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. (இதை எழுதலாமா என்று பிறகு கேட்டேன். எழுதுங்க என்றார்.)

அந்தச் சித்தப்பா ஐயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து கிண்ணத்தை எடுத்துப் போய், வீட்டுக்குள் எரிந்த விளக்கில் எண்ணெயை ஊற்றினார்.

தண்ணீர் மட்டும் ஊற்றினார்கள்.

அக்கா துண்டை எடுத்து ஐயாவின் தலையைத் துடைத்தார். காதுக்குப் பின்னால், பிடரியில். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

காஞ்சிருச்சு ஐயா. போங்க.