இடது பக்க மிதி

எதையும் கேட்காமல் இருக்க எனக்கு முடியாது. லொறி ஓட்டிய காலத்தில், வழியில் ஏதாவது வாகனம் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் நானும் நிறுத்துவேன். உதவி செய்யத்தான் என்று சொல்லிக்கொள்வேன். உண்மை அதுவல்ல. உள்ளே என்ன பழுது என்று பார்க்காமல் போனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மன்னாரிலிருந்து தொண்ணூறில் முஸ்லிம்களான எங்களைப் புலிகள் விரட்டியபோது எனக்குப் பத்தொன்பது வயது. புத்தளத்து முகாமுக்கு வந்த மூன்றாம் நாள், அங்கிருந்த தண்ணீர் மோட்டர் ஏன் இப்படி இருமுகிறது என்று கேட்கப் போய், அதைக் கழற்றி, திரும்பப் பூட்டி, அதன் மூலமே எனக்கு முதல் வேலையும் கிடைத்தது.

வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நான் யாரிடமும் கேட்காமல் விட்டேன். சீனி வருத்தத்தால் இடது காலில் வந்த புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலை வெள்ளைத் துணியில் சுற்றி மண்ணில் அடக்குவது எங்கள் வழக்கம். மனைவியின் தம்பி அதை வாங்கிக்கொண்டு போய் அடக்கினான். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மனைவியும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் மனைவியின் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துதான். கற்பிட்டி வெங்காயத்தையும் மிளகாயையும் ஏற்றிக்கொண்டு இருபத்து நாலு வருஷம் தம்புள்ளைக்கும், போர் முடிந்து பாதை திறந்த பிறகு மன்னாருக்கும் லொறி ஓட்டியவன், பொய்க்காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, பெண்சாதியின் தோளைப் பிடித்தபடி போவதை எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டி முழுவதும் பார்த்தது. அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வளைவில் நான் இல்லாத பிரேக்கை மிதிப்பேன், அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள்:

“ட்ரைவர் நாந்தான். நீங்க சும்மா இரிங்க.”

ஓட்டோ கியர் கார் ஒன்றை எடுங்கள், அதற்கு இடது காலே தேவையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் ஒருவரோடும் நான் ஒரு வாரம் கதைக்கவில்லை. கியர் போடாமல் வாகனம் ஓட்டுவது எனக்கு மெல்லாமல் சோறு தின்பது மாதிரி. எனக்குத் தேவைப்பட்டது பழையபடி ஓட்டுவது. அவளை இடது பக்க சீட்டில் உட்கார வைத்து, நான் வலது பக்கத்தில் இருந்து ஓட்டுவது. வேறொன்றும் இல்லை.

சிலாபத்துப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்த ஒரு சிங்கள மாத்தயாவுக்கு நான் பல வருஷம் தேங்காய் ஏற்றியிருக்கிறேன். அவர் ஒருநாள் தம்பிலி இளநீர்க் குலையோடு என்னைப் பார்க்க வந்தார். அவருடைய தகப்பனின் பழைய ஏ ஃபோர்ட்டி கார் கொட்டிலுக்குள் கிடப்பது எனக்குத் தெரியும். லோட் ஏற்றப் போகும்போதெல்லாம் அதை எட்டிப் பார்க்காமல் வந்ததில்லை. அது எப்படி இருக்கிறது என்று, நோயாளியை விசாரிப்பது போல விசாரித்தேன். “கெனியன்ட,” என்றார் மாத்தயா. கொண்டு போ, பாம்பாவது வேறு இடம் பார்க்கட்டும் என்று சிரித்தார். இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை, அவர் மனம் மாறிவிடும் என்ற பயம்.

காரைக் கொண்டு வந்தவர் பக்கத்துக் குறிச்சியில் ஃபைபர் போட் செய்கிற தம்பி. கத்தோலிக்கர், என்னைவிட ஐந்தாறு வயது குறைவு; நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அண்ணன் முறையில் நானா என்பார். தலவில தேவாலயத் திருவிழாவுக்கு அவருடைய குடும்பத்தையும் அடுப்பு சட்டி பாயையும் வருஷா வருஷம் என் லொறியில்தான் ஏற்றிப் போவேன். போட் ஏற்றும் ட்ரெயிலரில் வந்து என் முற்றத்தில் இறங்கிய காரை அவர் மூன்று தரம் சுற்றி வந்தார். பிறகு கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். தரை இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் முற்றத்து மணல் தெரிந்தது.

“நானா, இதுக்கு எஞ்சின் வேணாம். காலால உதைச்சே ஓட்டலாம்,” என்றார். பிறகு என் காலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை எடுத்த பிறகு அதைப் பற்றி எவராவது சொல்லி நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த எட்டு மாதமும் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். பழைய காரில் ஒன்றும் மறைவாக இல்லை. எதைத் தொட்டாலும் அது எதை அசைக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கிளச் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு கம்பியும் ஒரு நெம்புகோலும்தான். கியர்க் கம்பி தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. திரும்புவதற்கு சிக்னல் போட்டால் லைட் மின்னாது, கதவுத் தூணுக்குள்ளிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். அதை ஒரு பின்னேரம் முழுவதும் நீட்டியும் மடக்கியும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டுக்கு அடியில் ஒரு பெண்பிள்ளையின் மஞ்சள் ரிப்பன் கிடந்தது. யாருடையது என்று மாத்தயாவுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன். தங்கச்சி பள்ளிக்கூடம் போகும் வழியில் தொலைத்தது, அதற்காக அம்மாவிடம் அடி வாங்கினாள், இப்போது அவள் அவுஸ்திரேலியாவில் என்றார். எஞ்சினுக்குள் பிஸ்டன் நாலும் இறுகியிருந்தன. டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊற்றி இருபது நாள் காத்திருந்தேன். இருபத்தோராம் நாள் கைப்பிடியைச் சுழற்றியபோது அது கால் வட்டம் அசைந்தது. நான் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கிளச்தான் பிரச்சினை. மோட்டர் சைக்கிள் லிவர் ஒன்றைக் கியர்க் கம்பியிலேயே பூட்டிக் கேபிள் இழுத்தேன். கை கழன்று விழுகிற அளவுக்குப் பாரம். இரண்டாம் கிழமை கேபிள் அறுந்தது. வலது கையால் இழுக்க ஒரு லிவர் வைத்தேன். இடது கை கியரில், வலது கை கிளச்சில். அப்போது ஸ்டியரிங்கை யார் பிடிப்பது?

“நாங்க வலை இழுக்கேக்க ரெண்டு கையும் வலையிலதான் நானா,” என்றார் போட்காரத் தம்பி. “எஞ்சின் பிடியத் தொடையால தள்ளிப் பிடிப்பம். போட் நேராத்தான் போகும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. முழங்காலும் தொடையும் என்னிடம் இருக்கின்றனவே. சீட்டுக்கு இடது பக்கத்தில் நீளமான ஒரு லிவரை நிறுத்தி, அதன் தலையில் ரப்பர் மெத்தை வைத்து, தொடையால் வெளிப்பக்கம் தள்ளினால் கிளச் இறங்கும்படி கம்பியை வளைத்துப் பூட்டினோம். நாலு தடவை செய்து, நாலு தடவை கழற்றி, ஐந்தாம் தடவை சரி வந்தது. தொடையால் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

தரையைத் தம்பி ஃபைபரால் போட்டுத் தந்தார். நாலு நாள் வேலை. போட் அடிக்கிற அதே நீலத்தில் பளபளவென்று இருந்தது. “இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்க வராது,” என்று கை முட்டியால் தட்டிக் காட்டினார். நானும் தட்டிப் பார்த்துத் தலையாட்டினேன்.

அந்தக் கிழமையே மாரி பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் காருக்கு மேலே போட்டிருந்த கிழிந்த படங்கை விலக்கிப் பார்த்தால், முன் கண்ணாடியின் பழைய ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீர் கணுக்கால் மட்டத்துக்கு நிற்கிறது. மனைவியின் ரப்பர் செருப்பு ஒன்று அதில் மிதந்துகொண்டிருந்தது. தம்பி வந்து எட்டிப் பார்த்தார்.

“கீழால வராமத்தானே செய்தனான்,” என்றார்.

“மேலால வந்தது எப்பிடிப் போறது?”

“போட்டுல எண்டா வாளியால இறைப்பம்.”

நான் கையிலிருந்த ஸ்பானரை வீசி எறிந்தேன். எறிந்தேனே தவிர, எனக்குத்தான் வெட்கம். முப்பது வருஷம் வாகனத்தோடு கிடந்தவன், கார்த் தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். இந்தக் கரையில் நெடுநாள் இருந்தால், தண்ணீர் என்றாலே கீழேயிருந்து வருவது என்று புத்தி பழகிவிடுகிறது போலும். மனைவி வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பிறகு தம்பி தரையின் தாழ்ந்த மூலையில் துளை போட்டு, போட்டுக்குப் போடுகிற தக்கை ஒன்றைத் திருகித் தந்தார். இன்றைக்கும் மழை பெய்தால் அதைத்தான் திறந்து விடுகிறேன்.

தரை போடும்போது அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார்.

“இந்த இடது பக்க மிதி இனித் தேவையில்லையே நானா. எடுத்திட்டு ஓட்டைய அடைக்கட்டா?”

“பழைய கார். இருந்தமாதிரியே இருக்கணும். தொடாதீங்க,” என்று சீறிவிட்டேன்.

புது லைட், புது வயரிங், நீலத் தரை, தொடைக் கிளச் என்று அந்தக் காரில் பாதியை மாற்றியவன் நான். அந்த மிதி ஒன்றுதான் இருந்தமாதிரி இருக்க வேண்டுமாம். அதற்கு நான் புது ரப்பரும் வாங்கிப் போட்டிருந்தேன். மனைவி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் ஓட்டம் பக்கத்துத் தென்னந்தோப்பில். எஞ்சின் பிடித்தது, முதலாம் கியரில் நகர்ந்தது. இரண்டாம் கியருக்கு மாற்ற வேண்டிய இடத்தில், இல்லாத கால் மிதித்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள். குதிக்கால் தரையில் ஊன்றுகிறது, விரல்கள் மிதியில் அழுந்துகின்றன, எல்லாம் எனக்குத் தெரிகிறது. கிளச் இறங்கிவிட்டது என்று நம்பிக் கியரை இழுத்தேன். பல் உரசிக் கத்தியது, கார் குலுங்கி நின்றது. மறுநாளும் அப்படித்தான். நாலாம் நாள் நிற்பாட்ட முடியாமல் தென்னையில் கொண்டுபோய் இடித்தேன். முன் பம்பர் வளைந்தது. தோப்பு ஓரத்தில் ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து நின்றாள், பிறகு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தாள்.

லிவர் இறுக்கமோ என்று தம்பி ஒவ்வொரு நாளும் எண்ணெய் விட்டார். லிவரில் பிழை இல்லை என்பது எனக்குத் தெரியும். மிதி அங்கே இருக்கும்வரை கால் அதைத் தேடிப் போகும். தெருவில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்தால் என்ன ஆகும்? தோப்பைத் தாண்டாத காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அடுத்த நாள் காலை ஹெக்சோ பிளேட்டை எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்தேன். தம்பி தான் அறுத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நல்ல இரும்பு, அறுக்க அறுக்க முடியவில்லை. பாதியில் அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை. மிதி கையோடு வந்தபோது அதில் புது ரப்பர் கறுப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

தம்பி ரெசின் வாளியோடு பக்கத்தில் குந்தியிருந்தார்.

“அடைக்கட்டா நானா?”

“அடைங்க.”

அது காய்ந்த பிறகு தோப்பில் பத்து நாள் ஓட்டினேன். இரண்டு தடவை கால் தேடிப் போயிற்று, அங்கே ஒன்றும் இல்லை, திரும்பி வந்தது. அதற்குப் பிறகு தொடை வேலையைப் பழகிக்கொண்டது. லைசென்ஸுக்காக டொக்டர், பரிசோதகர் என்று அலைந்தது தனிக் கதை. அதுவும் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு, மனைவிக்குக் கதவைத் திறந்து விட்டேன். அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு இடது பக்க சீட்டில் ஏறினாள். குனிந்து என் பக்கத்துத் தரையைப் பார்த்தாள். மிதி இருந்த இடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

சந்தி வரை கியரெல்லாம் சத்தமில்லாமல் விழுந்தன. சந்தியில் நிறுத்தினேன். வலது பக்கம் போனால் ஆலங்குடா, கடல், வெள்ளைக்காரர்கள் அலையில் சறுக்கப் பிடிக்கும் பட்டங்கள். அவளுக்கு அங்கே போகத்தான் விருப்பம் என்று தெரியும். சிக்னல் கையை நீட்டினேன். நீட்டியது நீட்டியபடியே நிற்க, என் வாய் வேறொன்றைக் கேட்டது.

“அத எங்க அடக்கினாங்க?”

எதை என்று அவள் கேட்கவில்லை.

“அந்தக் கைய மடக்கிட்டு இடது பக்கம் திருப்புங்க,” என்றாள்.

மணல் ரோட்டின் முடிவில் பெரிய மையவாடி, எங்கள் ஊரில் இறந்தவர்களை அடக்கும் இடம். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை, அவள் வரமாட்டாள். சீட்டில் இருந்தபடியே கண்ணாடியை இறக்கி, மதிலுக்கு மேலால் விரலை நீட்டிக் காட்டினாள். தெற்கு மதிலோரம், இரண்டாவது வேப்ப மரம், அதற்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன முருகைக்கல். அவள் கால் வைக்காத இடம், ஆனால் அளந்து வைத்தவள் மாதிரிச் சொன்னாள்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நீங்க எண்டைக்காவது கேப்பீங்க எண்டு தெரியும். அண்டைக்கே என்ட தம்பிக்கிட்ட கேட்டு வச்சிட்டன்.”

எஞ்சினை நிறுத்தினேன். பொய்க்காலை முதலில் வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கல் இருந்த பக்கம் நடந்தேன்.