தும்மினால்தான் சாவி

காரின் ஏசி காற்று வரும் துளையில் கன்னத்தை ஒட்டவைத்து, கண்ணை மூடி, மெக்கானிக் ஐஸ் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால், "சும்மா இருங்க சார், வருது, வருது... போச்சு!" என்று எரிந்து விழுவார். அவர் காத்திருப்பது ஒரு தும்மலுக்காக.

பழைய கார்களுக்கு ஏசி பார்க்கும் மெக்கானிக்குக் குளிர் ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? ஐஸுக்கு ஆகாது. கொளுத்தும் வெயிலிலும் தோளில் கம்பளி மஃப்ளர் கிடக்கும். வேலை முடிந்த காரில் உட்கார்ந்து, சில்லென்ற காற்று மூக்கில் ஏறி, ஷெட்டே அதிர ஒரு தும்மல் போட்டால்தான் சாவியைத் தருவார். குளிரை அளக்கும் மீட்டரெல்லாம் சுவரில் தூசி படிந்து தொங்குகின்றன. "அது எனக்குச் சரிப்படாது. மூக்கு சொல்லணும்" என்பார். பெயர்தான் ஐஸ். வாடிக்கையாளருக்கு ஐஸ் வைக்க அவருக்குச் சுத்தமாக வராது. என் காரைப் பார்த்து, "இதை எதுக்கு சார் கழுவறீங்க? அழுக்குதான் இதைக் கெட்டியா பிடிச்சு வச்சிருக்கு" என்றவர். அந்தக் கார் போன வாரத்திலிருந்து அங்கேதான் நிற்கிறது. எப்போது கிடைக்கும் என்று கேட்டால் முறைக்கிறார்.

அந்த மூக்கு ஒரு தடவை அவர் காலை வாரிவிட்டது.

ஷெட்டுக்கு வரும் கணக்கு டீச்சர் ஒருவரின் கார் அது. கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்ற வேண்டிய காலத்து வண்டி. டீச்சருக்கு நரம்புக் கோளாறு. உடம்பில் சூடு ஏறினால் கால் துவண்டுவிடும். குளிர்ச்சியாக இருந்தால் நம்மைப் போலத்தான். அதனால் வெயில் காலம் முழுக்க வீட்டுச் சிறை. "புது வண்டி வாங்கிடலாமே?" என்று நான் வாயைக் கொடுத்தேன். "இந்த கிளட்ச் எங்க பிடிக்கும்னு என் காலுக்குத் தெரியும். இனிமே போய் இன்னொரு வண்டிகிட்ட அறிமுகம் பண்ணிக்கச் சொல்றீங்களா?" என்றார் டீச்சர்.

முதல் தடவை ஐஸ் குழாய்களை மாற்றி, கேஸ் நிரப்பி, தும்மி, சாவியைக் கொடுத்தார். அன்றைக்குப் பார்த்து அவருக்கு நிஜமாகவே சளி பிடித்திருந்தது. பாதி வழியில் காற்று வெதுவெதுத்து, டீச்சரின் கால் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. எப்படியோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வீட்டுக்காரர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்காரர் காரை விற்க ஆளே பார்த்துவிட்டார். அவரிடம் மல்லுக்கட்டி, "கடைசியா ஒரே ஒரு தடவை" என்று டீச்சர் வண்டியை மறுபடி ஷெட்டுக்கு அனுப்பினார்.

ஐஸ் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. போனில் டீச்சரிடம், "தப்பு என்மேலதான். டேஷ்போர்டைக் கழட்டிப் பாத்திருக்கணும். ஒடஞ்சிடுமோன்னு பயந்து மேலோட்டமா பாத்து விட்டுட்டேன்" என்றார். பயத்தில் நியாயம் உண்டு. அந்தப் பழைய டேஷ்போர்டு விரிசல் விட்டால் மாற்று எங்கும் கிடைக்காது. வெந்நீரில் பிழிந்த துணியை அதன்மேல் போர்த்தி இளகவிட்டு, "வாடா ராசா, வலிக்காதுடா" என்று கொஞ்சிக் கொஞ்சிக் கழற்றினார். எங்களிடம் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை மனுஷன்! உள்ளே கூலிங் காயிலில் எண்ணெய் கசிந்த கறை; கேஸ் அங்கேதான் ஒழுகியிருக்கிறது. ஓட்டையைப் பற்றவைத்து, காற்றடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தார். குமிழி வரவில்லை. நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் அமுக்கினார்.

நேற்று உச்சி வெயிலில் டீச்சர் வந்தார். வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். எப்போதும் ஸ்டியரிங் முன்னால் தானே ஏறிக்கொள்ளும் ஐஸ், அந்தக் கதவை டீச்சருக்குத் திறந்துவிட்டார்.

"நீங்க உட்காருங்க டீச்சர். என் மூக்கை நம்பாதீங்க. உங்க கால் சரின்னு சொன்னாத்தான் கிளம்பறோம். நடுவுல லேசா தளர்ந்தாலும் சொல்லுங்க, நான் ஓட்டிக்கறேன்."

இஞ்சினை ஓடவிட்டு வெயிலிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கிளட்சை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். பிறகு வண்டி மெல்ல வெளியே போனது. வீட்டுக்காரரும் நானும் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தெருவைச் சுற்றிக்கொண்டு கார் திரும்பி வந்தது. வீட்டுக்காரர் நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். டீச்சர் நிறுத்தவில்லை; சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டி இன்னொரு சுற்றுக்குப் போனார். கண்ணாடியெல்லாம் முழுக்க ஏறியிருந்தது. பக்கத்து இருக்கையில் ஐஸ், காதுவரை மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, தும்மல் வந்துவிடாமல் இரண்டு கைகளாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.