கழித்துப் பார்த்த பாட்டு

குன்னத்துகாலில் ராஜதாசுக்கு இரண்டு பெயர். ஒன்று ஞானஸ்நானத்தில் வைத்தது. மற்றது ஊர் வைத்தது, பாம்புச்செவி. சபையின் பாடகர் குழு முழுவதும் சேர்ந்து பாடும்போது சுருதி இறங்கிப் பாடியது யார் என்று தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவார். சொல்லாமல் இருக்கத்தான் அவருக்குத் தெரியாது. இதனால் பேரும் கிடைத்தது, பொல்லாப்பும் கிடைத்தது.

இளவயதில் கன்வென்ஷன் பந்தல்களுக்கு மைக்செட் போட்டவர். கோளாம்பி என்று ஊர் சொல்லும் கூம்பு ஒலிபெருக்கியைத் தென்னையில் கட்டிவிட்டு, பிரசங்கம் முடிகிறவரை அதன் அடியிலேயே உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டின் பின்பக்க அறையை ஸ்டுடியோ ஆக்கினார். கூரை தகரம். மழை பெய்தால் பதிவு கிடையாது. கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பதிவு செய்கிற ஐப்பசியில்தான் இந்தப் பக்கம் மழை கொட்டும். கர்த்தருடைய சித்தம் என்று குழுத் தலைவர் யோசுவா பொறுத்துக்கொள்வார்.

இந்த வருடம் பழைய கம்ப்யூட்டர் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்ததால் ராஜதாஸ் புதிது வாங்கினார். அதில் குரலையும் ஆர்கனையும் ஒரே பாட்டாகச் சேர்க்கிற சாப்ட்வேரும் வேறு. முதல் பாட்டைப் பழையதிலும் புதியதிலும் சேர்த்து யோசுவாவுக்கு அனுப்பினார். கொஞ்சம் பெருமை காட்டத்தான். வந்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

"மக்கா, பழசு நல்லாருக்கு. புதுசுல 'ச' வாற எடமெல்லாம் சீறுது. அந்த சாப்ட்வேர் நமக்கு ஒக்காது."

அதோடு, அடுத்த பாட்டை மார்த்தாண்டத்தில் வேறு ஸ்டுடியோவில் எடுத்துப் பார்த்தால் என்ன என்று குழுவில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கிறிஸ்துமஸ் பாட்டு கைவிட்டுப் போனால் மற்ற சபைகளும் பின்னாலேயே போகும். ராஜதாசுக்கு அது தெரியும். ஆனால் வெளியே வந்தது கோபம்தான். சாப்ட்வேருக்கென்று தனியாக ஒரு சத்தம் கிடையாது, எல்லாம் ஒரே கூட்டல் கணக்கு என்று வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சண்டை பிடித்த மனிதர் அவர். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரியும்கூட.

சனிக்கிழமை குழுவை வீட்டுக்கு வரச் சொன்னார். பெண்கள் நாற்காலிகளில் உட்கார, யோசுவா கதவோரம் நின்றார்.

"ரெண்டு பாட்டையும் சேத்து ஓட விடுவேன். ஒண்ணத் தலைகீழாப் போடுவேன். அப்ப ரெண்டுலயும் ஒண்ணு போல உள்ளதெல்லாம் ஒண்ணையொண்ணு அழிச்சிரும். மிச்சம் என்ன கேக்குதோ, அதாக்கும் வித்தியாசம். ஒண்ணுமே கேக்கலைன்னா ரெண்டும் ஒண்ணு. சரிதானா?"

"சரி மக்கா, போடு" என்றார் யோசுவா.

ராஜதாஸ் ஓடவிட்டார். பாட்டு இல்லை, ஆர்கன் இல்லை, ஒன்றும் இல்லை. நாற்காலியைச் சுழற்றி அவர்களைப் பார்த்து உட்கார்ந்தார். வழக்கில் ஜெயித்தவனின் முகம்.

"கேட்டேளா? ஒண்ணும் இல்ல."

சோனா என்கிற பெண் யோசுவாவைப் பார்த்தாள். இவர்கள் இன்னும் நம்பவில்லை என்று ராஜதாசுக்குத் தோன்றியது.

"சத்தத்தைக் கூட்டியும் காட்டித்தாறேன்" என்று கையைப் பின்னால் நீட்டி ஒலியை மேலே தள்ளினார். போதாதென்று இன்னும் தள்ளினார்.

சோனா காதைப் பொத்தினாள். பக்கத்தில் இருந்தவளும் பொத்தினாள். "எலே, நிறுத்துலே" என்று யோசுவா கைகாட்டினார். அடுக்களையிலிருந்து ராஜதாசின் மனைவி மினி ஈரக்கையோடு ஓடிவந்து, "இஞ்ச பாருங்க, எந்தெரு சத்தம் அது? குக்கர் பொட்டிச்சோன்னு பயந்தே போனேன்" என்றாள்.

அப்போதுதான் ராஜதாஸ் திரையைத் திரும்பிப் பார்த்தார். ஒலியளவைக் காட்டும் மீட்டரின் பச்சைக் கட்டை உச்சி வரை எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் காதைப் பொத்துகிற அந்தச் சீறல் அவர் காதில் மட்டும் விழவில்லை.

ஒலியைக் குறைத்துவிட்டு யோசிக்க, காரணம் பிடிபட்டது. பழைய கம்ப்யூட்டரில் 'ச' சீறாமல் அடக்குகிற ஒரு பில்டரை என்றைக்கோ பெண்கள் குரலில் போட்டு வைத்திருந்தார். புதியதில் அதைப் போட மறந்துவிட்டார். போடாமலே இரண்டும் அவருக்கு ஒன்றுபோலக் கேட்டதால் நினைவு வரவேயில்லை. இப்போது போட்டார். கண்ணை மீட்டரில் வைத்துக்கொண்டு, கட்டை அடியில் படிகிறவரை திருகினார்.

"இப்பம்?"

"இப்பம் இல்ல மக்கா. நின்னுது." யோசுவாவின் குரல் தாழ்ந்திருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. மார்த்தாண்டத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த பாட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார்.

மினி நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தாள். சபையில் அவள் பாட வாய் திறந்தால் பக்கத்து பெஞ்சு சிரிக்கும். ராஜதாசே சிரித்திருக்கிறார். அவளைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"இனிமே நீ கேட்ட பொறவுதான் பாட்டு வெளிய போவும்."

"எனக்கு இதுல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாண்டாம் மினி. கேட்டாப் போதும்" என்று ஹெட்போனை எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டார்.