தரவு சேகரிப்பில் உதவிய மாணவி

போன செவ்வாய்க்கிழமை. ஓசூர் பாகலூர் ரோடு சிக்னலில் ஸ்கூட்டியில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். ‘நான்கு வருட ஹானர்ஸ் வித் ரிசர்ச் – சாதிக்கப் பிறந்தவர்களுக்கு மட்டும்!’ என்று கொட்டை எழுத்து. கீழே, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு கருவியை உற்றுப் பார்க்கிற பெண்ணின் படம்.

எனக்குத் தெரிந்த பெண். எங்கள் எதிர்வீட்டுப் பெண். முத்துச்செல்வி!

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே கன்னடத்தில் என்னவோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது. நான் நகரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்... நான் குக்கர் விசில், கேஸ் சிலிண்டர் என்று எழுதுகிறவள். இந்த வாரம் அது வராது. அந்தப் பெண்ணை ஃபிளெக்ஸில் ஏற்றிய கல்லூரி அவளுக்கு என்ன செய்தது என்று சொல்லியாக வேண்டும். கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பது போதும்.

முத்துச்செல்வியின் அப்பா சுடலைமுத்து. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்பே ஓசூருக்கு வந்தவர், இருபத்தெட்டு வருஷம் ஒரே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். இரும்புத் தகட்டை மெஷின் ஓங்கி அடித்து வண்டி பாகமாக மாற்றுகிற இடம் அது. ஒரு ஷிஃப்டில் எத்தனை அடி என்று கேட்டால் சிரிப்பார். எண்ணிப் பார்க்கிற சத்தமா அது?

அவர் மட்டுமில்லை... எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படி வேலை பார்த்தவர்கள்தான். புதிதாகக் குடிவருகிறவர்கள், ‘இங்கே ஏன் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்?’ என்று கேட்பார்கள். சண்டை இல்லை. ‘சாப்பிட்டீங்களா?’ என்று விசாரிக்கிறார்கள்!

முத்துச்செல்வி பி.எஸ்ஸி. இயற்பியல். மூன்று வருஷமும் வகுப்பில் முதலிடம். மூன்று வருஷத்தோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். கல்லூரி விடவில்லை. எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் வாங்கியவர்களுக்கு மட்டும் நாலாவதாக ஒரு வருஷம். ஆராய்ச்சி வருஷம். சொந்தமாக ஒரு தலைப்பு, தனியாக ஒரு கைடு, முடித்தால் எம்.எஸ்ஸி. இல்லாமலே நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு அவள் அம்மா கேசரி கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஐந்து சாதனையாளர்களும் முதல் மூன்று மாதம் என்ன ஆராய்ச்சி செய்தார்கள் தெரியுமா? கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று பழைய ஃபைல்களை டைப் அடித்தார்கள். கல்விக் கண்காட்சியில் வெள்ளைக் கோட்டோடு நின்று நோட்டீஸ் கொடுத்தார்கள். ஃபிளெக்ஸில் இருக்கிற படம் அங்கே எடுத்ததுதான். கையில் அவள் உற்றுப் பார்க்கிற கருவி – அன்றைக்கு அதில் பேட்டரிகூட இல்லையாம்.

ஆனாலும் அவள் விடவில்லை. தலைப்பை வீட்டிலிருந்தே எடுத்தாள். பிரஸ் ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு எந்தச் சத்தம் கேட்கிறது, எந்தச் சத்தம் கேட்கவில்லை? ஒரு மருத்துவமனைக்கு நடையாய் நடந்து, காதைப் பரிசோதிக்கிற முறையைக் கற்றுக்கொண்டாள். கல்லூரியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கருவியைக் கடன் வாங்கினாள். ஓசூரிலும் சூளகிரிப் பக்கத்திலும் வீடு வீடாகப் போனாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் – எந்த வீட்டுக்கு எதுவோ அதில் பேசினாள். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது ஒரு விஷயமே இல்லை. வடக்கேயிருந்து வந்த அவளுடைய கைடுக்கு இந்த மூன்றில் கன்னடம் மட்டும்தான் தெரியும். அவர் ஒரு வீட்டுக்கும் வரவில்லை.

பரிசோதனைக்கு அமைதியான அறை வேண்டும். ஹைவேயை ஒட்டிய வீட்டில் அமைதிக்கு எங்கே போவது? ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, கதவிடுக்கில் போர்வையைச் செருகி, ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார வைத்தாள்.

முதலில் உட்கார வைத்தது அவள் அப்பாவை. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். “சத்தம் கேட்டா அமுக்குங்கப்பா” என்றாள். சுடலைமுத்து தலையாட்டினார். அவள் ஆரம்பித்தாள். அவர் அமுக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். அமுக்கவில்லை. இன்னும் கூட்டினாள். ஒயர் கழன்றுவிட்டதோ என்று ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தவள், ‘ஆ’ என்று பிடுங்கி எறிந்தாள். அப்படி ஒரு கீச்சு.

சுடலைமுத்து சிரித்த முகத்தோடு கேட்டார். “இன்னும் ஆரம்பிக்கலையா பாப்பா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் எழுதினாள். அதற்குப் பிறகு முப்பது பேருக்கு மேல் பார்த்தாள். ஒருவரிடமும் ஒயரைச் சந்தேகப்படவில்லை.

ஜனவரியில் எல்லாவற்றையும் எழுதி, அட்டவணை போட்டு, கைடிடம் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். மார்ச் மாதம் கூடப் படிக்கிற பெண் ஒரு லிங்க் அனுப்பினாள். ஏதோ ஒரு ஆய்விதழ். அதே தலைப்பு. அதே அட்டவணை. அதே வாக்கியங்கள். எழுதியவர்கள் மூன்று பேர் – கைடு, துறைத் தலைவர், வேறொரு கல்லூரியில் பாடம் எடுக்கிற கைடின் மனைவி.

கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், ‘தரவு சேகரிப்பில் உதவிய மாணவிக்கு நன்றி.’

பெயர்கூட இல்லை. மாணவி!

அன்று சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. அட்டவணையை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள்.

“முதல் வரிசை எங்க அப்பா, ஆண்ட்டி. இவங்க யாருக்காவது அது தெரியுமா?”

நான் என்ன சொன்னேன்? இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. “வைவா முடியட்டும் செல்வி. இன்னும் ரெண்டு மாசம்தானே? டிகிரியைக் கையில வாங்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம். இப்பப் பகைச்சுக்காதே” என்றேன். உலகம் தெரிந்தவள்போல் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். “உங்க பத்தியில வேற யாராவது அவங்க பேரைப் போட்டுக்கிட்டா, ரெண்டு மாசம் சும்மா இருப்பீங்களா ஆண்ட்டி?”

ஒரு வாரம்கூட இருக்க மாட்டேன். ஒரு கமா மாறினாலே ஆசிரியருக்குப் போன் போடுகிற ஆள் நான். பிறகு ஏன் அவளை மட்டும் அடங்கிப் போகச் சொன்னேன்? கெட்டிக்காரப் பிள்ளைகளை நாம் எல்லோரும் சேர்ந்து இப்படித்தான் பழக்குகிறோம். எழுபத்தைந்து சதவீதம் வாங்குகிற பிள்ளைக்குத்தான் பயம் அதிகம். இழப்பதற்கு ஒரு ரேங்க் இருக்கிறது, ஒரு சிபாரிசுக் கடிதம் இருக்கிறது. அரியர் வைத்திருக்கிற பையனை யாராவது இப்படி ஏமாற்ற முடியுமா? கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

முத்துச்செல்வி உதைக்கவில்லை. நோட்டுகளை எல்லாம் நகல் எடுத்து, எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் போனாள் என்று குறித்து, ஒரு புகார்க் கடிதம் கொடுத்தாள். பதில் வந்தது. ‘பெற்றோரை அழைத்து வரவும்.’

இருபத்தொரு வயதுப் பெண். ஆராய்ச்சியாளர் என்று அவர்களே சொல்லிக்கொண்டவள். யூனிஃபார்மில் மை கொட்டிய குழந்தை மாதிரி அப்பாவைக் கூட்டி வரச் சொல்கிறார்கள்!

சுடலைமுத்து என்னிடம் வந்தார். “அவங்க இங்கிலீசுல பேசுவாங்க மேடம். நீங்க கூட வந்தா நல்லாருக்கும்.” போனேன்.

முதல்வர் அறை. விசாரிக்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர், துறைத் தலைவர், கைடு. கவனியுங்கள் – அந்தக் கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்ட மூவரில் இரண்டு பேர் நீதிபதிகள்! அட்மிஷன் சமயம். வெளியே வராந்தாவில் பெற்றோர்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள். கதவு திறந்தே இருந்தது.

முதல்வருக்கு நன்றாகவே தமிழ் வந்தது. மெல்லிய குரல். அதிர்ந்து பேசாத மனிதர்.

“இதெல்லாம் எல்லா இடத்துலயும் நடக்கறதுதான் சார். யூ.ஜி. ஸ்டூடண்ட்டுக்குப் பேர் போடற வழக்கம் இல்ல...”

சுடலைமுத்து முன்னால் சாய்ந்தார். “சத்தமா சொல்லுங்க சார். காது கேக்காது. பிரஸ் ஷாப்புல இருந்தவன்.”

முதல்வர் கொஞ்சம் குரலை உயர்த்தினார். “உங்க பொண்ணு நல்லா வேலை செஞ்சிருக்கா. ஆனா பேப்பர்னு வரும்போது...”

“கேக்கல சார்.”

கைடு எழுந்து கதவைச் சாத்தப் போனார். வாசலில் அட்மிஷன் ஃபைலோடு ஒரு அம்மா பாதி உள்ளே நின்றிருந்தார். சாத்த முடியவில்லை. முதல்வர் பொறுமையை இழந்தார். மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, அந்தக் கட்டடமே கேட்கிற மாதிரி கத்தினார்.

“வேலை பூரா உங்க பொண்ணு செஞ்சதுதான் சார்! அவ பேரைப் போட முடியாதுன்னு சொல்றேன்!”

வரிசையில் இருந்த அத்தனை முகங்களும் இந்தப் பக்கம் திரும்பின.

சுடலைமுத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “இப்பக் கேட்டுச்சு சார்” என்றார்.

கல்லூரிக்கு எதிரே ஒரு டீக்கடை. முத்துச்செல்வி, அவள் அப்பா, நான் – மூவரும் உட்கார்ந்தோம். எனக்கு ஒரு சந்தேகம். அவர் காதருகே போய்க் கத்திக் கேட்டேன். “நிஜமாவே கேக்கலையா?”

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “மொத தடவ கேக்கல மேடம். ரெண்டாந்தடவ வாயசைவுலயே புரிஞ்சிட்டு. மூணாந்தடவ, வெளிய நிக்கவங்களுக்காக.”

முத்துச்செல்வி அன்றைக்குத்தான் அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு? பிறகு சினிமாவில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. பத்து நாள் கழித்து, நாலாவது பெயராகச் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். முடியாது என்றாள். முதல் பெயராகப் போடுங்கள், இல்லையென்றால் கட்டுரையை எடுங்கள். நோட்டு நகல்களோடு அந்த ஆய்விதழுக்கே நேராக எழுதிவிட்டாள். கொஞ்ச நாளில் கட்டுரை அங்கிருந்து நீக்கப்பட்டது. கைடை மாற்றினார்கள். அவருக்கு வேறு தண்டனை எதுவும் கிடையாது. இப்போதும் அங்கேதான் பாடம் எடுக்கிறார். இந்த வருஷ ஐந்து பேரில் இரண்டு பேருக்கு அவர்தான் கைடு!

முத்துச்செல்விக்குத் தண்டனை உண்டு. இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைத்தார்கள். முதல் ரேங்க் போனது. பட்டம் வந்தது, சிபாரிசுக் கடிதம் வரவில்லை. அது இல்லாமல் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்த இரண்டு இடங்களிலும் கூப்பிடவில்லை. கட்டுரையைத் தன் பெயரில் மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள். இப்போது பெங்களூரில் ஒரு மருத்துவமனையில், காது பரிசோதிக்கிற பிரிவில் உதவியாளர் வேலை. அங்கே அவள் கொண்டுபோனது அந்த நோட்டுகளை மட்டும்தான். பிரித்துப் பார்த்த டாக்டர் மறுநாளே வரச் சொன்னாராம்.

செவ்வாய்க்கிழமை சிக்னலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் செய்து கத்தினேன். “உன் படத்தைப் போட்டிருக்காங்க! கேஸ் போடலாம்!”

“எடுக்கச் சொல்லி மெயில் போட்டுட்டேன் ஆண்ட்டி. எடுக்கலன்னா வக்கீல் நோட்டீஸ். ஞாயித்துக்கிழமை சூளகிரி போறேன், வர்றீங்களா?”

எதற்கு என்றால்... பரிசோதனைக்கு உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறாள். உங்களுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும். அவரவர் மொழியில். வாரம் மூன்று வீடு. யாரும் அவளை இதைச் செய்யச் சொல்லவில்லை. இதற்கு மதிப்பெண் கிடையாது.

போனேன். சூளகிரி தாண்டி ஒரு வீடு. மனிதருக்கு அறுபது வயது இருக்கும். பக்கத்தில் மனைவி. முத்துச்செல்வி தெலுங்கில் நிதானமாக விளக்கினாள். மனிதர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

“நான் பின்னாலருந்து கூப்புட்டா திரும்ப மாட்டாரும்மா. திமிருன்னு நெனச்சேன். எத்தினி வருசம் பேசாமயே இருந்திருக்கேன் தெரியுமா? காதுதானா?”

கணவரின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார். முகத்துக்கு நேராக, மெதுவாக, என்னவோ கேட்டார். அவர் தலையாட்டினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்து போனார்.

ஆராய்ச்சி என்றால் என்ன என்று அந்தக் கல்லூரியில் யாருக்காவது தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை சூளகிரி பஸ்ஸில் ஏறலாம். உட்கார இடம் கிடைக்காது... நின்றுகொண்டுதான் வர வேண்டும்!