இரண்டாவதாக வந்த என் மருமகள்

என் மகனுக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டவளைப் பற்றிக் கேட்டால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். மூத்தவளின் பிள்ளையை வீட்டை விட்டே அனுப்பியவள் என்பார்கள். சொல்கிறவர்கள் ஒருவரும் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குள் இல்லை. நான் இருந்தேன். அதனால் நான் சொல்வதுதான் கணக்கு.

அவள் டவுனில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள். நெட்டை உடம்பு, அகலமான கை, முழங்கைக்குக் கீழே சூடு பட்ட தழும்புகள். படுத்த படுக்கையாகக் கிடந்த தகப்பனுக்குச் செய்து செய்தே கல்யாண வயது தாண்டிப் போய்விட்டது. அந்த மனிதர் கண்ணை மூடியபோது அவளுக்கென்று மிஞ்சியது அந்த இஸ்திரி மேசைதான்.

எங்களுடையது சின்னப் பண்ணை. செம்மறி ஆடுகள், வாத்துகள், முயல்கள், ஒரு கழுதை. கழுதைக்கு 'மேனேஜர்' என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டு நிற்கும். குளிர் விட்டுப் புல் துளிர்க்கிற காலம் வந்தால் டவுனிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், பிள்ளைகளின் பிறந்தநாளை எங்கள் முற்றத்தில் கொண்டாட. பிள்ளைகள் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கும், வாத்தைத் துரத்தும், மரத்தடி நீள மேசையில் கேக் வெட்டும். பிறகு அம்மாக்கள் பிள்ளைகளின் ஷூவைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். மேசை விரிப்பு எங்களுக்கு மிஞ்சும். கிரீம், ஜூஸ், வாத்து எச்சம், எல்லாம் அதில் இருக்கும்.

அந்த விரிப்புகளை என் மூத்த மருமகள் துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அதன் பிறகு என் மகன் விரிப்புகளைச் சலவைக் கடைக்குக் கொண்டுபோனான். அவன் மனிதர்களோடு பேசுவது அபூர்வம். ஆடுகளோடு என்றால் வாய் மூடாது. அப்படிப்பட்டவன் எப்படிக் கல்யாணம் பேசினான் என்று வந்தவளிடம் ஒரு நாள் கேட்டேன்.

"'வாத்து எச்சம் போகுமா'ன்னு கேட்டாரு. 'போகும்'னேன். 'அப்ப எங்க வீட்டுக்கே வந்துடறீங்களா'ன்னாரு. வேலைக்குக் கூப்பிடறாருன்னு நெனச்சு, சம்பளம் என்னன்னு கேட்டுட்டேன் அத்தை."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"யோசிச்சிட்டு வந்து சொல்றேன்னு போயிட்டாரு."

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாத்துகளே ஓடிப்போயின. அவள் அப்படிச் சிரித்தது ரொம்பக் குறைவு என்பதால் சொல்கிறேன்.

பேத்திக்கு நான் வைத்த பெயர் குண்டூசி. அவ்வளவு ஒல்லி, அவ்வளவு கூர்மை. அம்மா போனதிலிருந்து அவள் அம்மாவின் பச்சை ஸ்வெட்டரைத் தலையணை மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அதில் வாசனை இருந்தது. ஆட்டுப் பால், விறகுப் புகை, அவள் அம்மாவின் கழுத்து வியர்வை. வந்த புதிதில் இந்த இரண்டாவது மருமகள் வீட்டுத் துணியெல்லாம் வாரிக்கொண்டு வந்தபோது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் இவள் அதை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல தண்ணி படக் கூடாது அத்தை. காத்தே படக் கூடாது."

அன்றைக்கே நெருக்கமான துணியில் ஒரு பை தைத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள். "தூங்கற நேரம் மட்டும் எடு. மத்த நேரம் இதுக்குள்ள வச்சு இறுக்கிக் கட்டிடு. ரொம்ப நாள் இருக்கும்." குண்டூசி பையை வாங்கிக்கொண்டாள். இவள் கையிலிருந்து அந்தப் பிள்ளை மனமாக வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான். இவள் தட்டில் சோறு போட்டால் அவள் எழுந்து வந்து என்னிடம் வேறு தட்டு கேட்பாள். ஏதாவது வேண்டும் என்றால் "ஏங்க" என்பாள்.

"அவங்க அப்பாவ நான் கூப்பிட வேண்டியது. இவ என்னைக் கூப்பிடறா" என்று இவள் வேடிக்கையாகத்தான் சொல்வாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

இவளுக்கு வேறு ஆசையே கிடையாது. நகை கேட்டதில்லை, ஊர் சுற்றக் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை ஒரு நாள் தன் மடியில் வந்து உட்காராதா என்பது மட்டும்தான். சொல்ல மாட்டாள். பிள்ளை பக்கத்தில் வந்தால் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவாள். அதிலேயே தெரியும்.

அந்த வருஷம் ஆடுகள் குட்டி போடும் நேரத்தில், மூளிக்காது ஆட்டுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. அதே காலையில் இன்னொரு ஆடு ஒரு குட்டியைப் போட்டுவிட்டுச் செத்தது. தாயில்லாத குட்டியை மூளியிடம் விட்டால் முட்டித் தள்ளியது. தன் குட்டி இல்லை என்று வாசனை சொல்லிவிடுமே. இதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. என் மகன் செத்த குட்டியின் தோலை உரித்து, கால்களுக்குத் துளை விட்டு, உயிரோடிருந்த குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டான். மூளி வாலடியில் மோந்து பார்த்தது. இன்னொரு முறை மோந்தது. பிறகு தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்தது. குட்டி மடியில் முட்டிக் குடித்தது.

இவள் தண்ணீர் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தோலை எடுத்துட்டா அதுக்குத் தெரிஞ்சுடாதா?"

"அதுக்குள்ள அதோட பாலே குட்டி உடம்புல ஊறிடும். அப்புறம் அது வாசனைதான் இதுக்கும்" என்றான் என் மகன். சொல்லிவிட்டு இவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

குண்டூசியின் பிறந்தநாள் வந்தது. ஊர்ப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. தன் பிறந்தநாளுக்கும் அதே மாதிரி எல்லாம் வேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள். ஆடுகளைக் குளிப்பாட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டி, மேனேஜருக்கும் ஒரு ரிப்பன் கட்டினோம். அதன் ரிப்பனை அதுவே தின்றுவிட்டது. டவுனிலிருந்து அவளுடைய பெரியம்மா வந்திருந்தாள், அவள் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பக்கத்து அறையில் அவள் பேசினால் என் மூத்த மருமகளே பேசுவது போல இருக்கும்.

சமையலறையில் இவள் கேக்கைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது என் மகன் பச்சை ஸ்வெட்டரோடு வந்தான்.

"இதப் போட்டுக்கிட்டு கேக்கைக் கொண்டு வா."

"வேண்டாங்க."

"ஆடே ஏத்துக்குது."

"அங்க மோந்து பாக்கறது தாய். இங்க மோந்து பாக்கப் போறது குட்டி. அது வேற." இவள் தட்டைக் கீழே வைத்தாள். "நான் துணிக்காரிங்க. அடுப்படியில நிக்கிறேன், வேர்த்திருக்கு. நான் போட்டா என் வாசனை ஏறிடும். அவங்களது போயிடும். எந்தச் சோப்பும் அதத் திருப்பிக் கொண்டு வராது."

"டேய், அவ சொல்றதக் கேளு. புள்ளையோட பொருளுடா அது" என்றேன் நான்.

"நீ சும்மா இரும்மா" என்றான். பிறகு இவள் பக்கம் திரும்பினான். "தினமும் ஒரே வீட்டுக்குள்ள நீயும் புள்ளையும் அந்நியர் மாதிரி நடக்கறீங்க. என்னால பாக்க முடியல. இந்த ஒரு தடவை."

எதையும் கேட்காதவன் கேட்டுவிட்டான். இவளும் ஆசைப்பட்டுவிட்டாள், அதை நான் மறைக்க மாட்டேன். போட்டுக்கொண்டாள். கை நீளம் போதவில்லை, தழும்புகள் வெளியே தெரிந்தன.

முற்றத்தில் குண்டூசி கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஆட்டுக்குட்டியை எப்படித் தூக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பச்சை நிறம் தெரிந்ததும் நிமிர்ந்தாள். வெயில் கண்ணில் அடித்திருக்க வேண்டும். அப்படி மலர்ந்த ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்தாள். என் மகன் வேலிப் பக்கம் நின்று சிரித்தான். பாவி மகன், பலித்துவிட்டது என்று நினைத்தான்.

இவள் ஒரு கையில் தட்டோடு, இன்னொரு கையை மெதுவாகக் கொண்டுவந்து பிள்ளையின் தலையில் வைத்தாள். அந்தக் கை எவ்வளவு நேரம் அங்கே இருந்திருக்கும்? ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். பிள்ளை அண்ணாந்து பார்த்தாள்.

அலறவில்லை, அழவில்லை. இரண்டடி பின்னால் போய், "கழட்டுங்க" என்றாள்.

இவள் கேக்கை மேசையில் வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னால் அதைக் கழற்றி மடித்து நீட்டினாள். குண்டூசி வாங்கிக் கழுத்தில் மோந்தாள். கையில் மோந்தாள். உள்பக்கம் திருப்பி மோந்தாள். டவுன் பிள்ளை ஒன்று, "கேக் எப்ப வெட்டுவீங்க?" என்று கேட்டது.

"கேக் வாசனைதான் வருது" என்றாள் என் பேத்தி, என்னைப் பார்த்து. "பாட்டி, நீ பாரு. உனக்கு வருதா?"

நான் வாங்கி மோந்து பார்த்தேன். வெண்ணெய், வெனிலா, சூடு பட்ட துணி வாடை. வருகிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் பொய் நிற்காது.

எல்லோரும் போன பிறகு குண்டூசி அப்பாவிடம் சொன்னாள்: "நான் பெரியம்மா கூடப் போறேன்."

"விளையாடாத. இதான் உன் வீடு" என்றான் அவன்.

"அனுப்பி வைங்க" என்றாள் இவள்.

"என்ன பேசற நீ? ஊரு உன்னைத்தான் சொல்லும்."

"சொல்லட்டும். அவ அம்மா குரல் அங்க இருக்கு. அதையாவது அவ கேக்கட்டும்." பெரியம்மாக்காரி ஏதோ சொல்ல வந்தாள். இவள் விடவில்லை. "நீங்க கூட்டிட்டுப் போங்க அக்கா. ஒல்லியா இருக்காளேன்னு திணிக்காதீங்க, வாந்தி எடுத்துடுவா. பசிச்சா அவளே கேப்பா."

பெரியம்மா டவுனுக்குப் போய் இடம் ஒழித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்தாள். அன்று காலையில் இவள் பிள்ளையின் துணி அத்தனையையும் மேசை மேல் குவித்து இஸ்திரி போட்டாள். கவுன், சட்டை, பாவாடை, கைக்குட்டை. காலுறையைக் கூட விடவில்லை.

"காலுறைக்கு யாராவது இஸ்திரி போடுவாங்களாடி?" என்று கேட்டேன்.

"போடறேன் அத்தை. விடுங்க."

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இஸ்திரிப் பெட்டியில் சொட்டு விழுந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. துணிக்குத் தண்ணீர் தெளிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணமே இல்லை.

வண்டி ஏறும்போது குண்டூசி என்னைக் கட்டிக்கொண்டாள், அப்பாவைக் கட்டிக்கொண்டாள். இவளுக்கு எதிரே வந்து நின்று, "போயிட்டு வரேங்க" என்றாள். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் சொல்வார்களே, அந்த மரியாதையோடு.

"சரிம்மா" என்றாள் இவள்.

அன்று மதியம் டவுனிலிருந்து யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு வருவதாக இருந்தது. என் மகன் கொட்டகைக்குள் போனவன் வெளியே வரவில்லை. இவள்தான் மேசையைத் துடைத்து, விரிப்பை உதறி, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.