கவிஞரின் கடிதத்தில் நான் ஒட்டிய வெள்ளைத்தாள்

எங்கள் சிற்றிதழுக்குக் கவிஞர் எழுதிய கடிதங்களையும், தபாலில் அவர் பதில் எழுதி அனுப்பிய பேட்டியையும் ஒரு நூலகம் பாதுகாக்கக் கேட்டிருக்கிறது. ஸ்கேன் எடுக்க இன்று திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

மூன்று கடிதங்களில் மட்டும் சில பத்திகள் மேல், நுனியில் பசை தடவி வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தேன். அந்தப் பேட்டியைப் பாதியாக வெட்டிய உதவி ஆசிரியரைக் கவிஞர் திட்டிய பத்திகள்.

உதவி ஆசிரியர் நான்தான்.

கடைக்கார அக்கா ஒரு தாளைத் தூக்கிப் படித்துவிட்டார்.

"இன்னா சார், தன்னைக் கேக்காம ஒரு வரி வெட்டக் கூடாதுன்னு மனுசன் கத்திகினு கீறாரு. நீங்க அதையே மறைச்சிகினு வந்துகீறீங்க?"

"அது கொஞ்சம் சொந்த விஷயம்மா."

"அப்ப ஊட்லயே வச்சிக்க வேண்டியதுதான?"

அங்கேயே நின்று மூன்று தாள்களையும் பிய்த்தேன். ஒரு வரி விடாமல் ஸ்கேன் ஆகிவிட்டது. வெட்டுப்படாத பேட்டியும் சேர்த்துத்தான். நாளைக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

என்னை "மூளையில்லாத கத்திரிக்கோல்" என்று எழுதியிருக்கிறார்.

இதைப் படிக்கும் நண்பர்களில் இன்னும் நாலு பேருக்கும் அந்தக் கடிதங்களில் இப்படிப் பட்டம் இருக்கிறது. மறைக்கச் சொல்லி யாரும் இன்பாக்ஸுக்கு வராதீர்கள், பசை தீர்ந்துவிட்டது.